அது ஒத்துக்க மாட்டேங்குதுங்க

அவர் யாரையும் அடித்ததில்லை. என்னோடு படித்தவர்களை எங்கே பார்த்தாலும், அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், முதலில் சொல்வது அதைத்தான். "இங்கிலீஷ் சார் மாதிரி வருமா? ஒரு நாளாவது கை நீட்டியிருப்பாரா?" என்பார்கள். உண்மைதான், கை நீட்டவில்லை. ஒரு பிள்ளையைப் பார்த்து விரலைக்கூட நீட்டவில்லை. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

திருப்பூரில் அனுப்பர்பாளையத்தைத் தாண்டி, பாத்திரப் பட்டறைகளின் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் மெட்ரிகுலேஷன் பள்ளி இருந்தது. இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். நானும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா ஊரோடு தங்கிவிட்டார். அந்தக் கதை இங்கே வேண்டாம். அம்மாவுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்துப் பார்த்து, எங்கே தையல் பிசகியிருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். சரிசெய்யக்கூடியது என்றால் 'ஆல்ட்டர்' என்று ஒரு பக்கம் போடுவார்கள். அது திரும்பத் தையல்காரரிடம் போகும். முடியாது என்றால் ரிஜெக்ட்.

இங்கிலீஷ் சார் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனார். கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு சீப்பு. கொங்குப் பேச்சின் மரியாதை ஊரறிந்தது. அவர் அந்த ஊர்க்காரர்களையே வெட்கப்பட வைக்கிற அளவுக்குப் பேசுவார். கரும்பலகையை அழிக்கச் சொல்வதற்கே, "கண்ணு, சித்த அழிச்சுடறீங்களா?" என்று கெஞ்சுவார். வீட்டில் 'ஏட்டி' என்று கேட்டே வளர்ந்த நான், முதல் வாரம் அவர் என்னை 'நீங்க' என்று சொன்னபோதெல்லாம் பின்னால் பெரியவர்கள் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அவர் வாயில் இரண்டு சொற்கள் வராது. ஒன்று 'இல்லை'. இன்னொன்று 'தப்பு'.

சுற்றுலா போகலாமா என்று கேட்டால், "போலாமுங்க" என்பார். போக மாட்டோம். அவருக்குப் பிடிக்காத டீயைக் கடைக்காரர் கொடுத்தால், "நெம்ப நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, டம்ளரைப் பணிவாகத் திருப்பிக் கொடுப்பார். பார்த்தவர்கள் நாங்கள். வகுப்பில் யாராவது கேள்விக்குக் கோணல்மாணலாகப் பதில் சொன்னால், "அப்படியும் சொல்லலாமுங்க. வேற யாராச்சும்?" என்பார். 'வேற யாராச்சும்' வந்துவிட்டால் நாம் சொன்னது தப்பு என்று நாங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும். விடைத்தாளில் பெருக்கல் குறி போடவும் அவருக்குக் கை வராது. தப்பான பதிலுக்குப் பக்கத்தில் பென்சிலால் எறும்பு அளவுக்கு ஒரு புள்ளி வைப்பார். போய்க் கேட்டால், "பக்கத்துல வந்துட்டீங்க கண்ணு" என்பார். 'ஆப்பிள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஆட்டுக்குட்டி' என்று எழுதியவனும் அவர் கணக்கில் பக்கத்தில் வந்தவன்தான்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அந்த ஆன்லைன் க்விஸ் கிடைத்தது தெய்வம் நேரில் வந்து நின்றது மாதிரி.

நாங்கள் ஒன்பதாவது படித்தபோது பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்குப் புதிதாக இன்டர்நெட் இணைப்பு வந்திருந்தது. அவர் எங்கோ பயிற்சிக்குப் போய்வந்து, ஒரு வெளிநாட்டு இணையதளத்தைத் திறந்து காட்டினார். ஆசிரியர் கேள்வியை டைப் அடித்து, நான்கு பதில் கொடுத்து, அதில் எது சரி என்று குறித்துவிட வேண்டும். பிள்ளைகள் தங்கள் பெயரைப் போட்டு உள்ளே போய் ஒன்றை அழுத்த வேண்டும். சரியென்றால் பச்சை டிக். இல்லையென்றால் சிவப்புப் பெருக்கல் குறி, கூடவே தகர டப்பாவைத் தட்டியது போல ஒரு சத்தம். கடைசியில் யார் எத்தனை மார்க் என்று திரையில் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும்.

பொய் சொல்லக் கூடாது, முதலில் எங்களுக்கு அது திருவிழா. நான் வாயைத் திறந்து இங்கிலீஷ் வாசித்தாலே சிரிப்பார்கள். என் தெக்கத்தி ராகம் அதிலும் வந்துவிடும். இங்கே வாயைத் திறக்கவே வேண்டாம். பின்வரிசையில் ஒளிந்திருந்தவர்கள்கூட முட்டிமோதிக்கொண்டு முன்னால் வந்து மவுஸைப் பிடித்தார்கள். க்விஸ் நடக்கும் புதன்கிழமை கரண்ட் போய்விடக் கூடாது என்று நான் பள்ளிக்குப் போகும் வழியிலிருந்த மாதா கெபியில் வேண்டிக்கொண்டதுண்டு. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவரும் அவர்தான். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் எனக்கே கேவலம்.

எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பார். யார் திரையிலாவது சிவப்பு வந்தால் குனிந்து பார்த்து, "அட, அது ஒத்துக்க மாட்டேங்குதுங்க" என்பார். கம்ப்யூட்டரை எப்போதும் 'அது' என்றுதான் சொல்வார். 'அதுக்குப் புடிக்கலீங்க', 'அது கேக்காதுங்க'. வீட்டில் பொல்லாத மாமியார் ஒருத்தி இருப்பது போலவும், அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் தான் மாட்டிக்கொண்டது போலவும் முகத்தை வைத்துக்கொள்வார்.

ஒருமுறை கேள்விகளை டைப் அடிக்கும்போது புத்தகத்தைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் ஒரு காலிப் பெட்டி இருந்தது. அதை விட்டுவிட்டு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"சார், இதுல என்ன எழுதணும்?"

"பதில் ஏன் சரி, ஏன் சரிப்படாதுன்னு வெளக்கம் எழுதறதுக்குங்க கண்ணு."

"எழுதலயா சார்?"

"நமக்கெதுக்குங்க அது? தெரிஞ்சவங்களுக்குத் தேவைப்படாதுங்க. தெரியாதவங்களுக்கு மனசு சங்கடம்."

அந்த வருஷம் முழுக்க அந்தப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. மெல்ல மெல்ல அவர் வகுப்பில் பாடம் விளக்குவதும் குறைந்துபோனது. அதுதான் சொல்லிவிடுகிறதே. எங்களுக்கு எது தப்பு என்று தெரிந்தது, ஏன் தப்பு என்று தெரியவில்லை. சிவப்பு வந்ததும் மற்ற மூன்றில் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டோம்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. இயந்திரங்களைக் கொண்டு பொருட்களைத் தயாரிக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? பதில்கள்: ஷாப், கம்பெனி, ஆபீஸ், ஃபேக்டரி.

திருப்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் இதைக் கேட்டால் என்ன சொல்லும்? இந்த ஊரில் ஃபேக்டரி என்று ஒன்று கிடையாது. பத்து மிஷின் போட்டாலும் கம்பெனிதான், ஆயிரம் மிஷின் போட்டாலும் கம்பெனிதான். அம்மா கம்பெனிக்குப் போனாள், அப்பா கம்பெனியிலிருந்து வந்தார், கம்பெனி லீவு, கம்பெனி வண்டி. வகுப்பே ஒன்றாகக் 'கம்பெனி'யை அழுத்தியது. வரிசை முழுக்கத் தகர டப்பா சத்தம். ஒரு பச்சைகூட இல்லை.

அவரும் சிரித்துவிட்டார். "நம்மூரையே அது ஒத்துக்க மாட்டேங்குதுங்களே!"

நான் எழுந்து நின்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "சார், எங்கம்மா கம்பெனிக்குத்தான் போறாங்க. அங்க மிஷின்லதான தைக்காங்க? அப்ப எப்படி சார் தப்பு?"

"நீங்க சொல்றது நெசந்தானுங்க கண்ணு. நானே கம்பெனின்னுதான் சொல்லுவேனுங்க."

"அப்ப மாத்துங்க சார்."

"பாக்கலாமுங்க."

அந்தக் கேள்வியை அவர்தான் டைப் அடித்தார். நான் பக்கத்தில் இல்லாத ஒரு நாள் அடித்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு தட்டு தட்டினால் மாறிவிடும். இல்லையென்றால், உங்கள் ஊரில் இதை இப்படிச் சொல்கிறீர்கள், இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்று இரண்டு வரி சொல்லியிருந்தாலும் போதும், நான் உட்கார்ந்திருப்பேன். இரண்டையும் செய்யவில்லை. மறுபரீட்சையிலும் ஆண்டுக் கடைசியில் வந்த பெரிய க்விஸ்ஸிலும் அதே கேள்வி வந்தது. மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், 'ஃபேக்டரி'யை அழுத்திப் பச்சை வாங்கிக்கொண்டார்கள். நான் 'கம்பெனி'யையே அழுத்தினேன். சரி என்று அவரே சொன்ன பதிலை நான் ஏன் மாற்ற வேண்டும் என்று வீம்பு. அந்தக் கேள்வியால் மட்டும் நான் தோற்றேன் என்று சொல்ல வரவில்லை. கேள்வியை நிதானமாக இரண்டு முறை படிக்கிறவள் நான், அது அதற்குள் நேரம் முடிந்தது என்று மூடிக்கொள்ளும். எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தேறிவிடுகிற என் பெயர், க்விஸ் வரிசையில் மட்டும் எப்போதும் அடியில் கிடந்தது.

பத்தாம் வகுப்பில் எல்லாரும் பாஸ் என்று வருஷா வருஷம் எங்கள் பள்ளி மெயின் ரோட்டில் பேனர் கட்டும். அந்த பேனர் எப்படித் தயாராகிறது என்பது பெற்றோருக்குத் தெரியாது. ஒன்பதாவது முடிகிற சமயத்தில், அடுத்த வருஷம் தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளுக்கு டிசியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் தாளாளர் ஆசிரியர்களை உட்காரவைத்து, யார் யார் தேறமாட்டார்கள் என்று பெயர்களைக் கேட்டாராம். இதை எனக்குப் பிற்பாடு சொன்னது எங்கள் கணக்கு மிஸ். அந்த அம்மாள் அடிக்கத் தயங்காதவர். அவருடைய மர ஸ்கேல் படாத உள்ளங்கை எங்கள் வகுப்பில் இல்லை. "எந்தப் புள்ள பேரயும் நான் சொல்ல மாட்டேனுங்க. அடிச்சாவது பாஸ் பண்ண வெக்கறேன்" என்று அவர் சண்டை போட்டிருக்கிறார். இங்கிலீஷ் சார் சண்டை போடவில்லை. பெயரும் சொல்லவில்லை. அவர் எப்படிச் சொல்வார்? எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, க்விஸ் மார்க் வரிசையைத் திரையில் காட்டிவிட்டு, "நான் யாரையும் சொல்லலீங்க. அது காட்டுதுங்க" என்றாராம். தாளாளர் அடியிலிருந்து எண்ணி எடுத்துக்கொண்டார்.

அம்மாவை வரச்சொல்லி அனுப்பினார்கள். அரை நாள் லீவு போட்டுக்கொண்டு, தலையில் ஒட்டியிருந்த பனியன் பஞ்சைத் தட்டிவிட்டபடி அம்மா வந்தாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்கம்மா, உக்காருங்க" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். எனக்கும் அம்மாவுக்கும் டீ வரவழைத்தார். கம்பெனியில் சூப்பர்வைசர் முன்னால் நின்றே பழகிய அம்மா, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

பிறகு அவர் கம்ப்யூட்டர் திரையை மெதுவாக அம்மா பக்கம் திருப்பிவைத்தார்.

என் பெயர். அதற்குக் கீழே சிவப்பு, சிவப்பு, ஒரு பச்சை, மறுபடி சிவப்பு. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பு என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏட்டி, இவ்வளவு செவப்பா?" என்றாள். பிறகு ஒரு கேள்வியில் விரல் வைத்தாள். "இது என்ன கேட்டிருக்கு?"

விதி, அந்தக் கேள்விதான். நான் தமிழில் சொன்னேன்.

"நீ என்ன போட்ட?"

"கம்பெனின்னு போட்டேன்."

அம்மா அவரைப் பார்த்தாள். "சரியாத்தான சார் போட்டிருக்கா?"

"சரிதானுங்கம்மா. நெம்பச் சரி. ஆனா அது ஒத்துக்க மாட்டேங்குதுங்களே."

அம்மா விரலை அந்தச் சிவப்பிலிருந்து எடுக்கவில்லை. "ஆல்ட்டர் போட வழி இல்லையா சார்? வீட்டுல வச்சுச் சொல்லிக்குடுத்து, திருப்பி ஒரு தடவ எழுதச் சொல்லுங்களேன். பிள்ள படிக்கத்தான் செய்யுதா."

"ஆல்ட்டரையெல்லாம் அது ஏத்துக்காதுங்கம்மா" என்று அவர் சிரித்தார். இவ்வளவு கனிவான சிரிப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. "வேற பள்ளிக்கூடத்துல நம்ம பாப்பா இன்னும் நல்லா வருவாங்க. உங்க இஷ்டம்தானுங்க. நாங்க யாரையும் போகச் சொல்ல மாட்டோமுங்க."

பெற்றோர் விருப்பத்தின்பேரில் என்று எழுதியிருந்த தாளில் அம்மா கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு எழுந்து, அவரைக் கும்பிட்டாள். வெளியே வந்து கேட்டைத் தாண்டும்போது, "தங்கமான மனுஷன்ட்டி. எவ்வளவு மருவாதியாப் பேசுதாரு பாத்தியா?" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவர் கத்தியிருந்தால் அம்மாவும் கத்தியிருப்பாள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சண்டை போடத் தெரியும். நாற்காலி போட்டு டீ கொடுத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஜூன் மாதம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒன்பதாவதோடு டிசி வாங்கி வந்த பிள்ளை என்றதும் மற்ற இடங்களில் யோசித்தார்கள். ஓர் இடத்தில், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள், சொல்லவில்லை. ஓர் இடம் கிடைக்கிற வரைக்கும் என்று அம்மா என்னைத் தன் கம்பெனிக்கே கூட்டிப்போனாள். தையல்காரருக்குத் துணியை மடித்து எடுத்துக் கொடுக்கிற வேலை, கைமடி என்பார்கள். வயதைக் கேட்டால் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். இடம் கிடைக்கவில்லை. நான் அங்கேயே இருந்தேன். மெயின் ரோட்டில் அந்த வருஷமும் பேனர் கட்டினார்கள், கம்பெனி வண்டியில் போகும்போது அதன் அடியில்தான் போக வேண்டும். நான் குனிந்துகொள்வேன்.

கணக்கு மிஸ்தான் ஒருநாள் லைன் வீட்டைத் தேடி வந்து, என்னை வாசலிலேயே வைத்துத் திட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். அவரிடம் அடி வாங்கித்தான் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். அதற்கு மேல் படித்ததெல்லாம் தபால் வழியில், தையல் மிஷின்களின் இரைச்சலுக்குப் பிறகு மிச்சமிருந்த நேரத்தில்.

போன வருஷம் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, சட்டையில் அதே கஞ்சி மடிப்பு. என் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, கண்ணு! எப்படி இருக்கறீங்க? அம்மா சௌக்கியமுங்களா?"

கம்பெனி ஆபீஸில் வேலை பார்ப்பதைச் சொன்னேன். "நெம்ப சந்தோசமுங்க. நீங்க நல்லா வருவீங்கன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றார்.

"தெரிஞ்சுமா சார் என்னைய அனுப்புனீங்க?"

"நானுங்களா?" அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே திகைத்துப்போனார். "நீங்களாத்தானுங்களே போனீங்க? அம்மா கையெழுத்துப் போட்டுட்டு, டீ குடிச்சுட்டு, சந்தோசமாக் கும்பிட்டுட்டுத்தானுங்களே போனாங்க?"

"இல்ல சார். நீங்கதான் அனுப்புனீங்க. அந்தக் கேள்விய டைப் அடிச்சது நீங்க. மாத்தத் தெரிஞ்சதும் நீங்கதான்."

அவர் தலையை ஆட்டினார். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும் கண்ணு."

எத்தனையோ வருஷம் அவரிடமிருந்து பிடுங்க நினைத்த வார்த்தை. கேட்டவுடன் எடுத்து நீட்டிவிட்டார். கையில் வாங்கினால் அதில் ஒன்றுமே இல்லை.

அதற்குள் அவர் என் பெண்ணிடம் குனிந்துவிட்டார். "பாப்பா எந்த ஸ்கூலுங்க? இன்னும் சேத்தலீங்களா? நம்ம ஸ்கூல்லயே சேத்துங்க கண்ணு. இப்ப ஒண்ணாவதுல இருந்தே க்விஸ்தானுங்க. டீச்சருங்க ஒரு வார்த்த கடுசாச் சொல்லமாட்டாங்க. நாஞ் சொல்லி சீட்டு வாங்கித் தாரேனுங்க."

"சேக்க மாட்டேன்" என்றேன்.

சாரும் போடவில்லை, 'ங்க'வும் போடவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "பெரியவங்ககிட்ட இப்படிப் பேசறது தப்புங்க கண்ணு" என்றார்.

அவர் தன் வாயால் ஒன்றைத் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.